பிரான்ஸ் வாரிசுச் சொத்து: காரைக்காலில் இருந்தபடியே முடிக்க எந்தச் சேவை உதவும், எது உதவாது

காரைக்காலில் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீடு, எது என்று கேட்டால் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்து இன்று நிரவி, திருமலைராயன்பட்டினத்தில் தொடங்கி கும்பகோணம், திருவாரூர் வரை பரவியிருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் பெரியவர் காலமானால் இரண்டு நாட்டுச் சட்டமும் ஒன்றாகத் திண்ணைக்கு வந்துவிடும். பிரான்ஸில் ஒரு வங்கிக் கணக்கு, சிலருக்கு ஆயுள் காப்பீடு, அபூர்வமாகப் பாரிஸ் புறநகரில் ஒரு அப்பார்ட்மெண்ட். இங்கே ஒரு வீடும் அரசலாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சையும். மகன் பாரிஸ் புறநகரான சார்செல்லில், மகள் கும்பகோணத்தில்.

இந்தச் சிக்கலைப் பிரிக்க நம் பக்கத்துக் குடும்பங்கள் நாடும் சேவைகள் நான்கு வகை: பிரான்ஸ் அரசும் காப்பீட்டுத் துறையும் நடத்தும் தேடல் சேவைகள், ஊரில் ‘பிரெஞ்சு வேலை’ செய்து தரும் கடைகள், பிரான்ஸில் சொத்து, வாரிசுப் பத்திரங்களை எழுதும் சட்ட அலுவலரான நொத்தேர், கடைசியாகக் கோர்ட். நான்கையும் எடைபோட்டுப் பார்ப்பதுதான் இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தேடல் சேவைகள் பணத்துக்கு மிஞ்சிய மதிப்பு. ஊர்க் கடைகள் இந்தியக் காகிதங்களுக்கு மட்டும் லாயக்கு. நொத்தேர் செலவு தவிர்க்க முடியாதது, ஆனால் நியாயமானது. கோர்ட் வழி நீளமானது, அதிலும் பாதி தூரம்தான் போகும். இந்த நான்கு வாசலிலும் யாரும் தானாக எடுத்துச் சொல்லாத ஒன்று, காரைக்கால் வீட்டுக்கே பிரான்ஸ் வாரிசு வரி விழக்கூடும் என்பது.

தேடல் சேவைகள்

பெரியவருக்குப் பிரான்ஸில் எத்தனை கணக்கு இருந்தது என்று பல வீடுகளில் பிள்ளைகளுக்கே தெரியாது. அதற்கு ஃபிகோபா என்ற வரித்துறைப் பதிவேடு இருக்கிறது. பிரான்ஸில் திறக்கப்பட்ட கணக்குகள் எல்லாம் அதில் ஏறியிருக்கும். வாரிசே கடிதம் எழுதிக் கேட்கலாம். இறப்புச் சான்று, தன் அடையாளச் சான்று, வாரிசு என்பதற்கான ஆவணம் மூன்றும் இணைத்தால் போதும். எந்த வங்கி, எந்தக் கிளை என்று பதில் வரும். இருப்பு எவ்வளவு என்று வராது. அதை வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.

ஆயுள் காப்பீட்டைத் தேட அஜிரா என்ற காப்பீட்டுத் துறை அமைப்பு. இணையப் படிவத்தில் விவரம் நிரப்பி இறப்புச் சான்றை ஏற்றினால், 15 நாளுக்குள் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கேள்வி போகும். நீங்கள் பயனாளியாக இருந்தால் ஒரு மாதத்துக்குள் அந்த நிறுவனம் தொடர்புகொள்ள வேண்டும். பயனாளி இல்லை என்றால் பதிலே வராது. பதில் வராததைத் தொலைந்துபோனதாக நினைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவது வீண்.

சிக்லாத் என்பது கேட்பாரற்ற பணத்தைத் தேடும் தளம். கணக்கு வைத்திருந்தவர் இறந்து மூன்று ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால், வங்கி அந்தப் பணத்தைக் கேஸ் தெ தெப்போ என்ற அரசு நிதி நிறுவனத்துக்கு மாற்றிவிடும். அங்கே 27 ஆண்டுகள் இருக்கும், பிறகு அரசுக்குப் போகும். ‘தாத்தா கணக்கு அழிஞ்சுபோச்சு’ என்று கைவிட்ட வீடுகள் இங்கே ஒருமுறை தேடிப் பார்க்கலாம். காசு கிடையாது. யாராவது இதற்குச் சதவிகிதம் கேட்டால் அப்படியே எழுந்து வந்துவிடலாம்.

உயில் இருக்கிறதா என்று பார்க்க நொத்தேர்களின் மைய உயில் பதிவேடு உண்டு. இறப்புச் சான்றுடன் யாரும் கேட்கலாம், கட்டணம் 18 யூரோ. உயில் எந்த நொத்தேரிடம் இருக்கிறது என்பது மட்டும் தெரியவரும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அந்த நொத்தேர் பிரித்துப் படிக்கும்போதுதான் தெரியும்.

இந்த நான்கிலும் தேடல் வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரிய காரணம் எழுத்துக்கூட்டல். பிரெஞ்சு ஏட்டில் முருகையன் என்ற பெயர் எம், ஓ, யு, ஆர், ஓ, யு என்று தொடங்கும். ஆதாரில் எம், யு, ஆர், யு. சாமி என்று முடியும் பெயருக்கு அங்கே இரண்டு எஸ், இங்கே ஒன்று. அப்பா பெயரின் முதலெழுத்து இங்கே இனிஷியல். அங்கே அப்பா பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும், அல்லது மகனின் பெயரே குடும்பப் பெயராகி முதற்பெயர் இடம் காலியாக இருக்கும். எனவே ஒரே ஒரு வடிவத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. பென்ஷன் சீட்டில், பழைய காசோலைப் புத்தகத்தில், லிவ்ரே தெ ஃபமி என்ற குடும்பப் பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அந்தந்த வடிவத்தில் தனித்தனியாகத் தேட வேண்டும். பிறந்த தேதியும் அப்படியே. பள்ளிச் சான்றில் ஒரு தேதி, எத்தா சிவில் என்ற பிரெஞ்சுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவில் வேறு தேதி என்றால், தேடலுக்குச் செல்வது எத்தா சிவில் தேதிதான்.

ஊர்க் கடைகள்

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் காகித வேலை செய்து தருபவர்கள் பலர். பென்ஷன்காரர்களின் உயிர்ச் சான்று, பாஸ்போர்ட் விண்ணப்பம், எத்தா சிவில் நகல் என்று பழகிய கை. வாரிசு விஷயத்தில் இவர்களிடம் கொடுக்கத்தக்க வேலை மூன்று.

முதலாவது, இறப்புப் பதிவு. நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். தாமதமானால் கட்டணம், அனுமதி என்று ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ். மூன்றாவது, அப்போஸ்தி, அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி இடும் சான்று முத்திரை. இந்தியா 2005-இல் அப்போஸ்தி ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் தூதரக முத்திரை தேவையில்லை. மாநில அல்லது யூனியன் பிரதேச அரசின் சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தி வாங்க வேண்டும். அமைச்சகத்தின் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய், மீதி எல்லாம் இடைத்தரகு முகமையின் சேவைக் கட்டணம். நாகப்பட்டினத்தில் பதிவான ஆவணம் தமிழ்நாடு அரசின் வழியிலும், காரைக்காலில் பதிவானது புதுச்சேரி அரசின் வழியிலும் போகும். ஒரே கட்டாகக் கட்டி ஒரே இடத்துக்கு அனுப்பும் கடையில் பாதிக் காகிதம் திரும்பி வரும். வேலையை ஒப்படைக்கும் முன் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். சரியான பதில் சொல்கிற கடை தொழில் தெரிந்த கடை.

அப்போஸ்தியும் மொழிபெயர்ப்பும் எந்த வரிசையில் என்பதும் முக்கியம். முதலில் அப்போஸ்தி, பிறகு பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. முத்திரையும் சேர்த்து மொழிபெயர்க்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பிரான்ஸின் மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ளவரா, தூதரகம் ஏற்பவரா என்று நொத்தேரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

பெயர் பொருந்தாத இடத்தில் ‘ஒரே நபர்’ உறுதிமொழிப் பத்திரம் ஒன்று நோட்டரி முன் எழுதி அதற்கும் அப்போஸ்தி வாங்க வேண்டும். எல்லா எழுத்துக்கூட்டல்களும் ஒரே பத்திரத்தில் வர வேண்டும். ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு பத்திரம் என்று எழுதித் தரும் கடையில் உங்கள் செலவுதான் ஏறும்.

இனி கொடுக்கக் கூடாத வேலைகள். பிரெஞ்சுக் குடிமக்களின் எத்தா சிவில் நகலை நாந்த் நகரிலுள்ள மையப் பதிவகம் இலவசமாகத் தருகிறது. இணையத்தில் கேட்கலாம். அதற்குப் பணம் வாங்குவது அஞ்சல் செலவை விட அதிகம் என்றால் கொடுக்க வேண்டாம். வரிப் படிவத்தை இவர்கள் நிரப்பித் தருவதும் வேண்டாம். ஏன் என்பதற்குக் கீழே உள்ள கணக்கே பதில். சொத்தில் பங்கு விகிதம் பேசுவது அறவே கூடாது. மூலப் பத்திரத்தைக் கையில் கொடுப்பதும் அப்படித்தான்.

ஒன்று மட்டும் இவர்களில் சிலர் மிகச் சரியாகச் சொல்கிறார்கள். தாலுகா வாரிசுச் சான்றிதழ் பிரான்ஸில் பங்குப் பத்திரம் ஆகாது. யார் யார் வாரிசு என்று அது சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. இந்தியச் சட்டப்படி பங்கு பிரிக்க வேண்டிய இடத்தில் நொத்தேர் ‘செர்த்திஃபிக்கா தெ குத்தூம்’ கேட்பார். அது இந்திய வழக்கறிஞர் எழுதித் தரும் சட்ட விளக்கம். குடும்பம் ரெனோன்சான் மரபா இல்லையா என்பதை அதில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற இந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு வெளியே தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

நொத்தேர்

பிரான்ஸில் வீடோ நிலமோ இருந்தால் நொத்தேர் கட்டாயம். வெறும் வங்கிப் பணம், அதுவும் சில ஆயிரம் யூரோ என்றால், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்ட உறுதிக் கடிதத்தோடு வங்கியே விடுவிக்கும். நெடுங்காலம் 5,000 யூரோவாக இருந்த இந்த வரம்பு அண்மையில் சற்று உயர்ந்திருக்கிறது. அதற்கு மேல் போனால் ‘அக்த் தெ நொத்தோரியெத்தே’ என்ற வாரிசு அறிவிப்புப் பத்திரம் வேண்டும். கட்டணம் அரசு நிர்ணயித்தது, வரியுடன் 70 யூரோ சுற்றில் வரும். பதிவுக் கட்டணம் தனி. ‘நொத்தேர் என்றால் ஆயிரக்கணக்கில் பிடுங்குவார்’ என்ற பேச்சு சொத்து மதிப்பைப் பொறுத்த விகிதக் கட்டணத்தால் வந்தது. அதுவும் நிர்ணயித்த அட்டவணைப்படிதான். முதல் கடிதத்திலேயே மதிப்பீட்டுச் சீட்டு கேட்டால் அனுப்புவார்கள்.

எந்த நொத்தேர் என்பது வாரிசின் விருப்பம். இறந்தவர் வசித்த ஊரின் நொத்தேராக இருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு வாரிசு கோப்புகளைக் கையாண்டவராகப் பார்த்துப் பிடிப்பதுதான் முக்கியம். அறிகுறி எளிது: முதல் கேள்வியே ‘இறந்தவர் வழக்கமாக எங்கே வசித்தார்’ என்று வந்தால் ஆள் சரி. 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒழுங்குமுறைப்படி, பங்குபிரிப்புக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பதை அந்த வசிப்பிடம்தான் தீர்மானிக்கும். உயிலில் தன் குடியுரிமை நாட்டின் சட்டத்தைத் தேர்ந்திருந்தால் அது முந்தும். பிரெஞ்சுச் சட்டம் பொருந்தினால் பிள்ளைகளின் கட்டாயப் பங்கைத் தொட முடியாது: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் நான்கில் மூன்று. ‘மூத்தவனுக்கே எல்லாம்’ என்று எழுதிய உயில் இந்தக் கணக்குக்குள் அடங்கினால்தான் செல்லும்.

விதவைக்கு வரும் உரிமையைக் குடும்பங்கள் சரியாகக் கேட்டுக்கொள்வதில்லை. பிள்ளைகள் எல்லாம் அந்தத் தம்பதிக்கே பிறந்தவர்கள் என்றால், அம்மா சொத்து முழுவதன் அனுபவ உரிமையையோ, நான்கில் ஒரு பங்கின் முழு உரிமையையோ தேர்ந்துகொள்ளலாம். வேறு தாரத்துப் பிள்ளை இருந்தால் நான்கில் ஒரு பங்கு மட்டும். வாரிசுகளில் ஒருவர் எழுத்தில் கேட்ட மூன்று மாதத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அனுபவ உரிமையைத் தேர்ந்ததாகவே கொள்ளப்படும். இங்கே கல்யாண மண்டபத்தில் நடந்த திருமணம் பிரெஞ்சு ஏட்டில் பதியப்படாமல் இருந்தால் கோப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். இறந்த பிறகு தூதரகத்தில் திருமணத்தைப் பதிவேற்றுவது முடியாததல்ல, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். அவர் இருக்கும்போதே செய்துவைக்க வேண்டிய வேலை இது. விதவைப் பென்ஷன் இதில் சேராது, அதற்குத் தனி விண்ணப்பம்.

இங்கிருந்து கையெழுத்திடுவது எப்படி? புதுச்சேரி தூதரகத்திலேயே நொத்தேர் வேலை நடக்கும் என்ற நினைப்பு இன்னும் ஊரில் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் பிரெஞ்சுத் தூதரகங்கள் எங்குமே அதைச் செய்வதில்லை. இப்போது இரண்டு வழி. ஒன்று, நொத்தேர் அனுப்பும் அதிகாரப் பத்திர வாசகத்தில் இங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்தி வாங்கி அனுப்புவது. மற்றொன்று, 2020 நவம்பர் ஆணையில் அனுமதித்த காணொளி வழிக் கையெழுத்து. நொத்தேரின் பாதுகாப்பான தளத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி, அடையாளச் சோதனை முடித்து, மின்னணுக் கையெழுத்து இட வேண்டும். சர்ச் வீதியிலோ நேரு வீதியிலோ கடையில் உட்கார்ந்து செய்வதைவிட வீட்டிலிருந்தே நல்ல இணைப்பில் செய்வது மேல். அடையாளச் சோதனையின்போது குறுஞ்செய்திக் குறியீடு வரும் என்பதால் செல்பேசி எண் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்தால் அங்கேயே தடைபடும்.

கடன் அதிகம் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் அவசரப்பட வேண்டாம். இறந்த நான்கு மாதம் வரை யாரும் வாரிசை முடிவெடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்குப் பிறகு கடன்காரரோ சக வாரிசோ முறையாகக் கேட்டால் இரண்டு மாதம். அதையும் தாண்டினால் முழுமையாக ஏற்றதாகிவிடும். இடையில் பெரியவரின் காரை விற்பது, பாரிஸ் வீட்டுச் சாமான்களை ஏலம் போடுவது எல்லாம் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஈமச்செலவு கட்டுவது அப்படி ஆகாது. மறுப்பது என்றால் படிவம் 15828. பிள்ளை மறுத்தால் பேரப்பிள்ளை அந்த இடத்துக்கு வருவான். அவன் சிறுவன் என்றால் அவன் சார்பில் மறுக்க நீதிபதி அனுமதி வேண்டும். இதை யாரும் சொல்லாததால் பத்து வயதுப் பையன் கடன்காரனாக நிற்கிற கோப்புகள் உண்டு.

வரி: யாரும் எடுத்துச் சொல்லாத பகுதி

பிரெஞ்சு வரிச் சட்டத்தின் 750 தெர் பிரிவு இரண்டு கேள்வி கேட்கிறது. இறந்தவர் வரிக்கணக்கில் பிரான்ஸில் வசித்தவரா? ஆம் என்றால் உலகில் எங்கிருக்கும் சொத்துக்கும் வரி. இல்லை என்றால், வாரிசு பிரான்ஸில் வசிப்பவராகவும், கடந்த பத்து ஆண்டில் ஆறு ஆண்டாவது அங்கே இருந்தவராகவும் இருக்கிறாரா? ஆம் என்றால் அந்த வாரிசின் பங்குக்கு, அது எந்த நாட்டில் இருந்தாலும், வரி. இரண்டும் இல்லை என்றால் பிரான்ஸில் உள்ள சொத்துக்கு மட்டும்.

இந்தியாவில் 1985-லிருந்து வாரிசு வரி கிடையாது. 1992-இல் இந்தியாவும் பிரான்ஸும் செய்த இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் வருமானத்துக்கும் செல்வ வரிக்கும் மட்டும். வாரிசு வரியைத் தொடாது. இங்கே கட்டிய வரியைக் கழிக்கலாம் என்றால் இங்கே கட்டுவதற்கு வரியே இல்லை.

எண்ணில் பார்க்கலாம். பெரியவர் காரைக்காலில் வசித்து இங்கேயே காலமானார். காரைக்கால் வீடு 1,50,000 யூரோ மதிப்பு, பிரான்ஸ் வங்கியில் 80,000. மனைவி முன்பே இறந்துவிட்டார். மகன் சார்செல்லில் 15 ஆண்டாக, மகள் கும்பகோணத்தில். ஆளுக்குப் பாதி, அதாவது 1,15,000. ஈமச்செலவுக்கு ரசீது இல்லாமலே கழிக்கக்கூடிய 1,500 யூரோவை எளிமைக்காக விட்டுவிடுவோம்.

மகளுக்குப் பிரான்ஸ் சொத்தின் பாதியான 40,000 மட்டுமே கணக்கில் வரும். பெற்றோரிடமிருந்து வரும் பங்கில் 1,00,000 யூரோ விலக்கு உண்டு, வெளிநாட்டில் இருப்பவருக்கும் அதே விலக்கு. ஆக வரி பூஜ்யம். மகனுக்குக் காரைக்கால் வீட்டுப் பாதியும் சேரும். 1,15,000-இல் விலக்கு போக 15,000. முதல் 8,072 யூரோவுக்கு 5 சதவிகிதம், அடுத்து 12,109 வரை 10, அதற்கு மேல் 15,932 வரை 15. கூட்டினால் சுமார் 1,241 யூரோ. தொகை சின்னதுதான். வீட்டின் மதிப்பு ஏறினால் 15,932-லிருந்து 5,52,324 வரை 20 சதவிகிதம் என்பதால் வேகமாக ஏறும்.

இதே பெரியவர் பாரிஸில் குடியிருந்து, லீவில் ஊருக்கு வந்த இடத்தில் இறந்திருந்தால்? மகளுக்கும் அதே 1,241. கும்பகோணத்தை விட்டு வெளியே போகாத பெண்ணுக்கு, அரசலாற்றங்கரை வீட்டுக்காகப் பிரான்ஸ் வரி. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வரிக்கு வாரிசுகள் எல்லோரும் கூட்டுப் பொறுப்பு. அண்ணன் கட்டாவிட்டால் தங்கையிடம் கேட்கலாம். வரிவிலக்குப் பெற்ற துணைவருக்கு இந்தப் பொறுப்பு இல்லை. 2007 ஆகஸ்ட் முதல் கணவன் மனைவிக்கு இடையே வாரிசு வரியே கிடையாது.

பிள்ளையில்லாத சித்தப்பா பாரிஸில் இறந்து, திருவாரூரில் இருக்கும் அண்ணன் மகனுக்கு உயிலில் 60,000 யூரோ விட்டால் நிலைமை வேறு. விலக்கு 7,967 மட்டும், வரி 55 சதவிகிதம். 28,618 யூரோ போய்விடும். உடன்பிறந்தவருக்கு விலக்கு 15,932. 24,430 வரை 35 சதவிகிதம், மேலே 45. உயில் இல்லாமல், இறந்துபோன அண்ணனின் இடத்தில் அவர் மகன் வாரிசாக நிற்கும்போது உடன்பிறந்தவர் விகிதம்தான் என்பதால், சில சமயம் உயில் எழுதாமல் விடுவதே லாபம்.

காலக்கெடு: பிரான்ஸில் இறந்தால் 6 மாதம், வெளியே இறந்தால் 12 மாதம். படிவம் 2705. இறந்தவர் பிரான்ஸில் வசிக்காதவர் என்றால் கோப்பு நுவாசி லெ கிராந்தில் உள்ள வெளிநாட்டில் வசிப்போர் வரி அலுவலகத்துக்குப் போகும். பிள்ளைகளோ துணைவரோ வாரிசு என்றால் மொத்தச் சொத்து 50,000 யூரோவுக்குள் இருந்து, அறிவிக்காத தானம் எதுவும் இல்லாவிட்டால் படிவமே தேவையில்லை. மற்ற உறவுகளுக்கு அந்த வரம்பு 3,000. தாமதத்துக்கு மாதம் 0.20 சதவிகித வட்டி, பிறகு 10 சதவிகித அபராதம், நோட்டீஸ் வந்தும் 90 நாள் அசையாவிட்டால் 40.

படிவம் நிரப்பும்போது நடக்கிற தவறு மதிப்பில்தான். பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை அப்படியே எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சு வரித்துறை கேட்பது இறந்த நாளன்று சந்தையில் போயிருக்கக்கூடிய விலை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, அந்தத் தேதியிட்டு, அன்றைய நாணய மாற்று விகிதத்தோடு இருந்தால் கேள்வி வராது. நஞ்சையில் குத்தகைக்காரர் இருந்தால் மதிப்பு குறையும், அதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று தான செட்டில்மெண்ட். உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு எழுதி வைத்துவிட்டால் வரி இல்லை என்ற நம்பிக்கை டெல்டா முழுக்க இருக்கிறது. மகன் பிரான்ஸில் ஆறு ஆண்டுக் கணக்குக்குள் வந்தால் அந்தத் தானமும் அங்கே அறிவிக்க வேண்டியது. இறப்பதற்கு முந்தைய 15 ஆண்டில் கொடுத்த தானங்கள் விலக்கைத் தின்றுவிடும். அதே சமயம் 15 ஆண்டுக்கு ஒருமுறை விலக்கு புதிதாகக் கிடைக்கும் என்பதால், முறையாக அறிவித்துக் கொடுப்பவருக்கு இதுவே நல்ல வழி.

கோர்ட்

ஒரு வாரிசு பதிலே தராமல் அசையாமல் இருந்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. பிரெஞ்சு சிவில் சட்டம் 837-இன்படி கொமிசேர் தெ ஜுஸ்தீஸ் என்ற நீதித்துறை அலுவலர் வழியாக நோட்டீஸ் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் பிரதிநிதியை நியமிக்கச் சொல்லலாம். அசையாமல் இருப்பவருக்கு நீதிபதியே பிரதிநிதியை நியமிப்பார். இந்தப் படி நொத்தேர்களே சரியாகப் பயன்படுத்தாத நல்ல படி.

அதுவும் பலிக்காவிட்டால் திரிபுனால் ஜுடிசியேர் என்ற பிரெஞ்சு சிவில் நீதிமன்றம். 2020 ஜனவரி 1 முதல் அதுதான் பெயர். பங்குபிரிப்பு வழக்குக்கு வழக்கறிஞர் கட்டாயம். வழக்குத் தொடுக்கும் அசிஞாசியோன் என்ற அழைப்பாணையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பிரிக்க வேண்டிய சொத்தின் சுருக்க விவரம், எப்படிப் பிரிக்க விரும்புகிறோம் என்பது, சமரசமாகப் பிரிக்க எடுத்த முயற்சிகள். மூன்றாவது இல்லாவிட்டால் வழக்கு ஏற்கப்படாது. அதனால் வாட்ஸ்அப் சண்டையை விடப் பதிவுத் தபாலில் போட்ட ஒரு கடிதம் பயன்படும்.

காரைக்காலில் இருக்கும் இந்தியக் குடிமகன் மீது வழக்கு என்றால் அந்த அழைப்பாணை, வெளிநாட்டில் கோர்ட் ஆவணம் சேர்ப்பதற்கான ஹேக் ஒப்பந்த வழியில் டில்லியில் உள்ள சட்ட அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து இங்குள்ள கோர்ட் வழியாகத்தான் சேர வேண்டும். தபாலில் நேரே அனுப்புவதை இந்தியா ஏற்கவில்லை. பிரதி கைக்கு வந்ததற்கான சான்று வராவிட்டால், ஆவணம் அனுப்பி ஆறு மாதம் கழியாமல் நீதிபதி தீர்ப்புச் சொல்ல முடியாது. வெளிநாட்டில் இருப்பவருக்கு மேல்முறையீட்டுக் காலம் ஒரு மாதத்தோடு இரண்டு மாதம் சேர்த்து மூன்று. வழக்கறிஞர் கட்டணம் போகப் பங்குபிரிப்புக்கே 2.5 சதவிகித அரசுக் கட்டணம் வேறு. இது சமரசப் பத்திரத்துக்கும் உண்டு.

இவ்வளவு செய்து வாங்கிய பிரெஞ்சுத் தீர்ப்பைக் காரைக்காலில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. இந்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு தீர்ப்பை நேரே நிறைவேற்ற இடம் தரும் நாடுகளில் பிரான்ஸ் சேரவில்லை, இங்குள்ள நிலத்துக்கு இங்குள்ள கோர்ட்டே. ஆகவே அசையாச் சொத்து இரு நாட்டிலும் இருந்தால் ஒரே வழக்கில் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லும் வழக்கறிஞரை, பாரிஸில் இருந்தாலும் காரைக்காலில் இருந்தாலும், நம்ப வேண்டாம்.

உணவகம் விட்டுப் போனவர்கள்

பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் உணவகம் நடத்தியவர் இறந்தால் ஒரு தேதி தனியாக ஓடும். மது உரிமம் வாரிசுக்கு மாற, இறந்த ஒரு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும். நொத்தேர் கோப்பு தொடங்கவே அவ்வளவு நாள் ஆகும் என்பதால் இது கைநழுவிப் போகிறது. பொதுமக்கள் வந்துபோகும் இடம் என்ற முறையில் தீப் பாதுகாப்புப் பதிவேடும் மாற்றுத்திறனாளி அணுகல் பதிவேடும் கடையில் இருக்க வேண்டும். அத்தகைய பொது இடங்களுக்கான வகைப்பாட்டில் சிறிய உணவகம் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பில் வரும். கடையை விற்கும்போது வாங்குபவர் கேட்பதும் விலையைக் குறைப்பதும் இந்த இரண்டு ஏடுகளை வைத்துத்தான், எனவே சாவியை யாரிடமாவது ஒப்படைக்கும் முன் அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.